ஓவியன் நின்ற இடம்

இயற்கைக் காட்சியை வரையும் ஓவியனிடம் எவரும் அறக்கணக்குக் கேட்பதில்லை. மலையும் ஆறும் மரமும் வானும் யாருக்கும் பகையல்ல. யார் பக்கமும் சார்ந்தவையுமல்ல. மன்னனை வரைபவன் முகமன் கூறலாம். பகைவனை வரைபவன் பழி தீர்த்துக்கொள்ளலாம். மலையை வரைபவன் எந்தத் தவற்றைச் செய்துவிட முடியும்? ஓவியத் துறைகளுள் குற்றம் புகாத துறை இதுவே என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் உண்டு.

போர்க்காலம் இவ்வெண்ணத்தை அசைத்துப் பார்க்கின்றது. தாய்நாட்டைப் பிரிந்து அயல்மண்ணில் பணிபுரியும் ஓவியன் ஒருவன், மனிதர் மடிந்துகொண்டிருக்கும் நிலத்தின்முன் தாளை விரித்து அமர்கின்றான். அவன் வரைவதும் இயற்கைக் காட்சிதான். அந்நிலத்தின் அழகை அவன் வரையலாமா? வரைந்தால் அது உண்மையா, உண்மையை மூடும் திரையா?

முதல் உலகப்போரின்போது பிரித்தானிய அரசு ஓவியர் சிலரைப் போர்முனைக்கு அனுப்பிற்று. அவர்களுள் ஒருவரான பால் நாஷ், பெல்சிய நாட்டு ஈப்பர் வட்டாரத்தில் தாம் கண்ட நிலத்தை 1918ஆம் ஆண்டில் வண்ண ஓவியமாக்கினார். குண்டுகள் உழுத மண். கிளையும் இலையும் இழந்து மொட்டையாய் நிற்கும் மரங்கள். செம்பழுப்பு முகில்களுக்குமேல் வெளிறி எழும் ஞாயிறு. மனித உருவம் ஒன்றுகூட அதில் இல்லை. தலைப்போ, புதியதோர் உலகத்தைப் படைக்கின்றோம் என்னும் பொருள்பட அமைந்தது. அந்த ஏளனம் ஆட்சியாளரைக் குத்திற்று. ஆளில்லா நிலத்தை வரைந்தும் ஆட்களைப் பற்றியே பேச முடியும் என்பதற்கு அவ்வோவியம் ஒரு சான்று.

தமிழ் பயின்றோர்க்கு இது வியப்பன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துத் தெய்வம், மக்கள், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், மாந்தர் உள்ளத்து ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தது தொல்காப்பியம். இம்மூன்றனுள் உரிப்பொருளே தலைமையுடையது. முதலும் கருவும் இன்றியும் அகப்பாட்டு நிற்கும். உரி இன்றி நில்லாது. ஆகவே தமிழ்ப் புலவன் மலையை மலைக்காகப் பாடியதில்லை. குறிஞ்சி என்றால் அங்கே ஒருத்தியும் ஒருவனும் கூடியிருக்கின்றனர்; நெய்தல் என்றால் கரையில் ஒருத்தி இரங்கி நிற்கின்றாள். இந்த அளவுகோலைக் கையில் கொண்டு போர்க்கால நிலக்காட்சிகளைப் பார்த்தால், வண்ணத்தையும் கோட்டையும் மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத சில செய்திகள் புலப்படும்.

தொலைவில் தேட வேண்டியதில்லை. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர் கைக்கு வந்தது. பாரிசு நகரில் பெரும்புகழ் ஈட்டியிருந்த சப்பானிய ஓவியர் புஜித்தா அவ்வாண்டே சிங்கப்பூருக்கு வந்தார். அவர் வரைந்த அகன்ற எண்ணெய் வண்ண ஓவியத்திற்குச் சிங்கப்பூரின் இறுதி நாள் என்பது பெயர். புக்கிட் தீமா மேடு என்பது அதன் உட்பெயர். முன்னே மேட்டில் சப்பானியப் போர்வீரர். அப்பால் தாழ்ந்து விரியும் நிலம். தொலைவில் புகை எழும் நகரம். ஓவியத் திறத்தில் குறை காண்பதற்கு இடமில்லை. அப்புகையும் மெய்யான புகையே. ஆயினும் நகரம் தொலைவில் இருக்கின்றது. அத்துணைத் தொலைவிலிருந்து பார்த்தால் வீடு தெரியும். வீட்டினுள் இருப்பவர் தெரியமாட்டார். அந்நகரில் அடுத்த சில வாரங்களுக்குள் சீனர் ஆயிரக்கணக்கில் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். போர் முடிந்தபின் இவ்வோவியமும் பிற போர் ஓவியங்களும் அமெரிக்கர் கைக்குச் சென்று, 1970ஆம் ஆண்டில் தோக்கியோவின் தேசிய நவீனக் கலைக்கூடத்திற்குத் திரும்பின. புஜித்தாவோ 1949ஆம் ஆண்டில் தாய்நாட்டை விட்டு நீங்கிப் பிரெஞ்சுக் குடிமகனாகி 1968ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவர் பொய் வரைந்தார் என்று கூற இயலாது. நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை வரைந்தார். அந்த இடமோ வென்றவன் மேடு. நிலக்காட்சி ஓவியத்தில் அறம் பற்றிய வினா இங்கேதான் தொடங்குகின்றது. எதை வரைந்தான் என்று கேட்பதற்குமுன், எங்கே நின்று வரைந்தான் என்று கேட்க வேண்டியுள்ளது.

அதே போரில் வேறோர் இடத்தில் நின்றவர்களும் இருந்தனர். சாக் சாக்கர் என்பார் லண்டனில் பிறந்தவர்; அரச கலைக் கல்லூரியில் பயிலும் வாய்ப்பைப் பெற்றிருந்த நிலையில் போர் குறுக்கிட்டது. பீரங்கிப் படையாளராகச் சிங்கப்பூரில் பிடிபட்டுச் சாங்கிச் சிறைமுகாம் வழியாகச் சயாமுக்கு அனுப்பப்பட்டார். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் தொலைவுக்குச் சப்பானியர் அமைத்த இரயில்பாதை அது. 1942ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய அப்பணி, 1943ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளும் இணைந்ததோடு முடிவுற்றது. ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர்.

சாக்கர் அங்கே வரைந்தார். புண்ணையும் என்புருக் கொண்ட உடலையும் வரைந்தார். குவாய் ஆற்றையும் மூங்கிற் புதரையும் முகாமின் அத்தாப்புக் கூரைகளையும் வரைந்தார். தாள் திருடப்பட்டது, வண்ணம் கையில் கிடைத்ததைக் கொண்டு குழைக்கப்பட்டது. வரைந்தவற்றைக் காவலர் ஒருமுறை கண்டுபிடித்துக் கிழித்தெறிந்து அவரைக் கொடுமையாக அடித்தனர். அதன்பின்னும் அவர் நிறுத்தவில்லை. மூங்கிற் குழலுள் இட்டு மண்ணில் புதைத்தும், கூரையில் செருகியும், கால் இழந்த கைதி ஒருவரின் செயற்கைக் காலினுள் மறைத்தும் அவ்வோவியங்கள் காக்கப்பட்டன. ரொனால்டு சேர்ல் என்னும் மற்றொரு கைதி, வாந்திபேதியால் இறந்துகொண்டிருந்தவர்களின் படுக்கைக்கு அடியில் தம் படங்களை ஒளித்துவைத்தார். நோய்க்கு அஞ்சிய காவலர் அங்கே கை வைக்கவில்லை.

ஒரு சிறு படத்திற்காக உயிரையே பணயம் வைப்பது அறிவுடைமையா என்று கேட்போர் இருக்கலாம். புண்ணை வரைந்ததற்காவது விடை சொல்லலாம்: அது மருத்துவருக்குப் பயன்படும், பின்னாளில் சான்றாகும். ஆற்றை வரைந்ததற்கு என்ன விடை?

இவ்வினாவைக் கூர்மையாக்குபவர் ரே பார்க்கின். ஆஸ்திரேலியக் கடற்படையின் பெர்த் என்னும் கப்பல் 1942ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சுண்டா நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டபோது உயிர் தப்பிப் பிடிபட்டவர் அவர். கின்தோக் மலைப் பகுதியில் பாறை உடைத்தவர். அவ்வுழைப்பினூடே அவர் வரைந்தவற்றுள் காட்டுப் பூக்கள் உண்டு, வண்ணத்துப்பூச்சிகள் உண்டு, மூங்கிலின் வளைவு உண்டு. பக்கத்தில் மனிதர் வாந்திபேதியால் சுருண்டு விழும்போது வண்ணத்துப்பூச்சியின் சிறகை எண்ணிக்கொண்டிருப்பவன் கல்நெஞ்சன் அல்லனோ? பாதுகாப்பான அறையில் அமர்ந்து கேட்கும்போது இக்கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆனால் பார்க்கின் அறையில் இல்லை. பாறை உடைத்துவிட்டு வந்த அதே கைதான் பூவை வரைந்தது. பக்கத்தில் விழுந்தவனைத் தூக்கியதும் அத்தகைய கைகளே. மண்ணையும் மனிதனையும் பயன்படு பொருளாக மட்டுமே கண்ட ஒரு கட்டளையின்கீழ், எதற்கும் பயன்படாத ஒரு பூவை நின்று பார்ப்பதே மறுப்பு. இவ்விடத்தில் அழகு துன்பத்தை மறைக்கவில்லை. துன்பம் முழுமையாக வென்றுவிடவில்லை என்பதைக் காட்டுகின்றது. 1944ஆம் ஆண்டில் பார்க்கின் சப்பானுக்கு அனுப்பப்பட்டபோது தம் படங்களை மருத்துவர் டன்லப்பிடம் ஒப்படைத்தார். நோயாளிகளைக் காக்கும் பொறுப்பைச் சுமந்த அம்மருத்துவர் அவற்றையும் காத்துக் கொடுத்தார். பயனற்றது என்று அவர் கருதியிருந்தால் அந்த இடரை மேற்கொண்டிருக்கமாட்டார்.

ஆகவே துன்பம் நிறைந்த இடத்தில் அழகை வரையலாமா என்னும் வினாவுக்கு, அத்துன்பத்தில் பங்கு கொண்டவன் வரையலாம் என்பது விடை. மேட்டில் நின்று பார்ப்பவனுக்கு இவ்விடை பொருந்தாது.

இவ்வளவோடு முடித்துக்கொண்டால் மனம் அமைதியுறும். தமிழர்க்கு, குறிப்பாகக் கிள்ளான் வட்டாரத் தமிழர்க்கு, அவ்வாறு முடித்துக்கொள்ளும் உரிமை இல்லை.

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் கடற்கரைச் சாலையில் அமைந்தது காப்பார். அந்நாளில் அப்பகுதி எங்கும் இரப்பர்த் தோட்டங்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாக நிரைக்குச் செல்லும் மக்கள். அவர்கள் வாய்பேசாப் பூச்சிகள் என்று எண்ணிவிடலாகாது. சப்பானியர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1941ஆம் ஆண்டில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் நடத்தினர். துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவை நீக்குக என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. படையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர்.

போர் வந்தது, இரப்பர் விலைபோகவில்லை, தோட்டங்கள் முடங்கின. வயிறு காய்ந்த மக்களிடம், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவு இலவசம், சில மாதங்களில் திரும்பலாம் என்று ஆள் திரட்டினர். ஆள் குறைந்தபோது பிடித்துச் சென்றனர். சில இடங்களில் இலவசப் படக்காட்சி என்று கூட்டிக் கதவை அடைத்து ஏற்றிச் சென்றதும் உண்டு. சரக்கு வண்டிகளில் அடைபட்டு வடக்கே சென்றவர்கள் இறங்கிய நிலம், சாக்கரும் பார்க்கினும் வரைந்த அதே நிலம். மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர் தொகை 75,000க்குக் குறையாது என்பர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பர்மியர், சாவகர் முதலிய பிற ஆசியரையும் சேர்த்தால் தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சத்தை எட்டும். மாண்டவர் பல்லாயிரவர், கணக்குக்குக் கணக்கு எண் வேறுபடுகின்றது. போர்க்கைதி இறந்தால் அவன் பெயரை எழுதிக்கொள்ள அவனுடைய அதிகாரி இருந்தார். நோயுற்றால் படை மருத்துவர் இருந்தார். தோட்டத்திலிருந்து சென்றவனுக்கு இருவரும் இல்லை. 1943ஆம் ஆண்டின் நடுவில் சாங்கியிலிருந்து கைதிகளாகிய மருத்துவப் பணியாளர் இரு குழுவினர் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் சில நூற்றுவர். முகாம்களோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடந்தன.

அம்முகாம்களில் தாள் இல்லை. தூரிகை இல்லை. எழுத்தறிந்தோரும் சிலரே. ஆற்றையும் மலையையும் மூங்கிலையும் அவர்களும் கண்டனர். அவர்கள் கண்ட குவாய் ஆறு எந்தச் சுவரிலும் தொங்கவில்லை.

இது சாக்கரின் குற்றமன்று. தம் முகாமைத் தாண்டி நடமாட உரிமையற்ற கைதியிடம், அடுத்த முகாமை ஏன் வரையவில்லை என்று கேட்பது கொடுமை. ஆயினும் குற்றவாளி இல்லாத இழப்பும் இழப்புத்தான். உண்மையான ஓவியம் ஒன்று, தன்னளவில் உண்மையாக இருந்துகொண்டே, காண்போர் மனத்தில் முழுமையற்ற உலகம் ஒன்றை முழுமையாக்கிவிடுகின்றது. மரண இரயில் என்றதும் உலகத்தார் நினைவில் எழுவது மெலிந்த வெள்ளைக் கைதியின் உருவமே. அவ்வுருவத்தை அங்கே நிறுத்தியதில் அந்த நேர்மையான ஓவியங்களுக்கும் பங்கு உண்டு.

மீண்டும் தொல்காப்பியத்திடமே செல்லலாம். நிலம் நான்கே, பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயருறுத்தும்போது பாலை என்பதோர் வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். அதன் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிச் செல்லும் தலைவன் அவ்வழியே நடக்கின்றான், ஆறலைப்போர் வழிமறிக்கின்றனர், வீட்டில் ஒருத்தி நாளெண்ணிச் சுவரில் கோடிடுகின்றாள். நாளுக்கு ஒரு வெள்ளி என்று நம்பிச் சென்றவன் கதையும் அதுவேயன்றோ? ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பாலைக்குரிய பெரும்பொழுது வேனில். குவாய்ப் பள்ளத்தாக்கில் வாந்திபேதி பரவியதோ மழைக்காலத்தில். மரமெல்லாம் தழைத்திருந்தன, ஆறு கரைபுரண்டது. பசுமையான பாலை அது. படத்தில் பசுமையை மட்டும் கண்டு குறிஞ்சி என்று கூறுபவன் திணையை அறியாதவன்.

திணை அறிதல் என்பது தேர்வுத்தாளுக்கு மட்டும் உரிய பாடமாகிவிட்டது வருந்தத்தக்கது. தொடக்கப்பள்ளி மாணவனிடம் இயற்கைக் காட்சி ஒன்றை வரைக என்றால் என்ன வரைகின்றான்? இரண்டு மலைகள், அவற்றினிடையே பாதி எழுந்த ஞாயிறு, அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஆற்றோரம் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானில் நான்கைந்து பறவைகள். காப்பாரில் இருப்பவனும் இதையே வரைகின்றான்! காப்பாரில் அத்தகைய மலை ஏது? அங்கே இருப்பது சமநிலம், வடிகால் வாய்க்கால், இரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருக்கும் மண், கடலோரத்து மின்நிலையத்தின் புகைபோக்கிகள். தான் நின்றிராத இடத்தை, எவரோ வரைந்ததைப் பார்த்து அவன் வரைகின்றான். அவன் படத்திலும் ஆள் இல்லை. ஆனால் பால் நாஷின் படத்தில் ஆள் இல்லாததற்கும் இதற்கும் தொடர்பில்லை. குழந்தையைக் குறை கூறுவதற்கில்லை. வாய்க்காலும் செம்பனையும் வரையத் தக்கவை என்று அவனிடம் எவரும் சொன்னதில்லை.

நின்றிராத இடத்தை வரையவே கூடாதா என்னும் வினா இங்கே எழும். முர்ரே கிரிஃபின் என்னும் ஆஸ்திரேலியரின் செய்தி இதற்கு ஒளி தருகின்றது. அவர் அரசால் அமர்த்தப்பெற்ற போர் ஓவியர். 1941ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்து, சிங்கப்பூரில் பிடிபட்டு, போர் முடியும்வரை சாங்கியில் கிடந்தார். இரயில்பாதைக்கு அவர் சென்றதேயில்லை. எனினும் அப்பாதையின் முகாம்களையும் பாலப் பணியையும் அவர் வரைந்த ஓவியங்கள் உள்ளன. சயாமிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் சாங்கிக்குத் திரும்பியபோது அவர்கள் கூறியதைக் கேட்டு வரைந்தவை அவை. காதால் கண்ட காட்சிகள் என்று அவற்றைக் கூறலாம். இது பொய்யா? கண்ணால் காணாததைக் கண்டதாகக் காட்டினால் பொய். கேட்டவன் கேட்டவனாகவே நின்று, சொன்னவனுக்குக் கடமைப்பட்டு வரைந்தால் பொய்யாகாது. புலவனும் பாலை வழியில் நடந்தே பாலையைப் பாடினான் என்பதற்கில்லை.

மலேசியத் தமிழர் இவ்வழியை எழுத்தில் மேற்கொண்டனர். ஆர். சண்முகம் எழுதிய சயாம் மரண ரயில் 1993ஆம் ஆண்டில் நூலாயிற்று, அ. ரெங்கசாமியின் நினைவுச்சின்னம் 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. போர் முடிந்து அரை நூற்றாண்டு அளவு கடந்த பின்னரே இவை வந்தன. காலம் தாழ்ந்தது என்று சொல்வது எளிது; ஆனால் மீண்டு வந்தவர்கள் மறுநாளே மீண்டும் உளியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அமர்ந்து கேட்பதற்கு யாருக்கு ஓய்வு இருந்தது? எழுத்தில் நிகழ்ந்தது ஓவியத்தில் அந்த அளவுக்கு நிகழவில்லை. அந்தப் பசுமையான பாலையைத் தோட்டத்துக்காரன் நின்ற இடத்திலிருந்து வரைய வேண்டிய பணி பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றது. சொல்லக் கூடியவர்களோ அநேகமாக மறைந்துவிட்டனர். அவர்கள் பிள்ளைகளிடம் சொன்னவை சில குடும்பங்களில் எஞ்சியுள்ளன. அவையும் முதியோருடன் குறைந்து வருகின்றன.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் புல்வெளியும் பூச்செடியுமாக இன்று பேணப்படுகின்றது; ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை பிசகாமல். அந்நகரைச் சுற்றிய மண்ணில் ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் குவியலாகவே கண்டெடுக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டில்தான் அங்கே தமிழர் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பெற்றது. நடுகல் எழுப்புவதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகள் கூறும். கல்லைத் தேடிக் காணுதல் அவற்றுள் முதலாவது. அதன் பெயர் காட்சி. கொணர்ந்து, நீராட்டி, நட்டு, வீரனின் பெயரையும் சிறப்பையும் பொறிப்பதெல்லாம் அதன் பின்னரே. ஆயிரமாயிரவர்க்கும் சேர்த்து நட்ட கல்லில் ஒவ்வொருவர் பெயரையும் பொறிக்க இனி இயலாது. ஊர்ப்பெயர்களையாவது திரட்டலாம்; கிள்ளான் வட்டாரத்திலிருந்து மட்டுமே அப்பட்டியல் நீளும். அதில் காப்பாரும் ஒன்று.